பப்புவா உயர்மலைக் கிராமத்தில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: பப்புவாவின் உள்மலைக் கிராமங்களில் மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள்? காணொளிகளில் சொல்வதுபோல் இன்னும் கற்காலத்தில்தான் இருக்கிறார்களா?

முதலில் அந்தக் கற்காலம் என்ற சொல்லை ஒதுக்கிவிடலாம். 1938இல் ரிச்சர்ட் ஆர்ச்போல்டு என்ற அமெரிக்கர் நியூகினித் தீவின் நடுமலைகளுக்கு மேல் பறந்தபோது, வெளியுலகம் அறியாத பலியெம் பள்ளத்தாக்கு கண்ணில் பட்டது. வேலி போட்ட தோட்டங்கள், கோடு கிழித்ததுபோல் வாய்க்கால்கள், கூம்புக் கூரை வீடுகள். பல்லாயிரம் பேர் அங்கே உழுதொழில் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் இரும்பு இல்லை, கல் கோடரிதான். அது உண்மை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் தோட்டம் கண்ணில் படாது. இதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், இன்றைய பப்புவா நியூகினியில், கூக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே குறைந்தது 7,000 ஆண்டுகளாக வேளாண்மை நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. யுனெஸ்கோ அதை 2008இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நாம் பொங்கலுக்கு வாசலில் சாய்த்து வைக்கிறோமே கரும்பு, அதை மனிதர்கள் முதலில் பயிராக்கியதும் இந்தத் தீவில்தான். வாழையின் பூர்வ கதையிலும் இந்தத் தீவுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தீவு ஒன்று, நாடு இரண்டு. கிழக்குப் பாதி 1975இல் விடுதலை பெற்ற பப்புவா நியூகினி. மேற்குப் பாதி டச்சுக்காரர்களிடம் இருந்து, 1963இல் இந்தோனேசியாவின் கைக்கு வந்தது. இந்தோனேசியாவோடு இருப்பதா என்று 1969இல் வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது. அதில் கைதூக்கியவர்கள், அதிகாரிகள் பொறுக்கி எடுத்த சுமார் ஆயிரம் பேர் மட்டுமே. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் மேற்குப் பாதியின் நடுமலைகளைப் பற்றி. 2022இல் அந்தப் பகுதி தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்டது. இந்தோனேசியாவில் கடற்கரையே இல்லாத ஒரே மாகாணம் அது. பெரிய ஊர் வமேனா, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் யாஹுகிமோ மாவட்டம். யாலி, ஹுப்லா, கிம்யால், மொமுனா என்ற நான்கு இனங்களின் பெயரிலிருந்து முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர் அது.

இவ்வளவு உயரத்தில் ஏன் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால், கொசுதான் ஒரு காரணம். தாழ்நிலத்தில் மலேரியா கடுமை, மேலே ஏற ஏறக் குறைந்துவிடும். இன்னொரு காரணம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பலியெமில் வாழும் தானி மக்கள் அதை ஹிப்பெரே என்கிறார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த இந்தக் கிழங்கு கை மாறிக் கை மாறி, சில நூற்றாண்டுகளுக்கு முன் இந்த மலைகளை அடைந்தது. அதற்கு முன் சேப்பங்கிழங்குதான் முக்கிய உணவு. சேப்பங்கிழங்கு குளிர் தாங்காது, நல்ல மண் கேட்கும். சர்க்கரைவள்ளி மெலிந்த மண்ணிலும் விளையும், 2,500 மீட்டருக்கு மேலும் ஏறும். அது வந்த பிறகு ஜனமும் பெருகியது, பன்றியும் பெருகியது.

காலையில் ஒரு பெண் தோட்டத்துக்குப் போவதிலிருந்து அங்கே நாள் தொடங்குகிறது. முதுகில் நோக்கென். மரப்பட்டை நாரைத் திரித்து முடிச்சுப் போட்டுப் பின்னிய பை அது, பிடி நெற்றியில் இருக்கும், சுமை முதுகில் தொங்கும். காலையில் அதில் குழந்தை உறங்கும், மாலையில் கிழங்கும் விறகும் வரும். 2012இல் யுனெஸ்கோ இந்தப் பை பின்னும் கலையை உடனடியாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. காட்டை வெட்டுவது, வேலி கட்டுவது, வாய்க்கால் தோண்டுவது ஆண்களின் வேலை. நடுவது, களை எடுப்பது, தோண்டுவது, சுமப்பது எல்லாம் பெண்களின் வேலை. ஆண்களின் வேலை ஒரு பருவத்தோடு முடியும். பெண்களுடையது தினமும் உண்டு.

இந்தத் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த வாய்க்கால்தான். பள்ளத்தாக்குத் தரையில் பாத்திகளைச் சுற்றி ஆழமாக வெட்டுவார்கள். மழை நாளில் தண்ணீர் வடியும், வறண்ட நாளில் ஈரம் நிற்கும். அடியில் சேரும் வண்டலை அள்ளிப் பாத்தி மேல் பூசுவார்கள், அதுதான் உரம். நிலத்தைத் தரிசாக விடும்போது சவுக்கு நடுவார்கள். நம் கடற்கரைச் சவுக்கின் மலை உறவு அது. வேரில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணைத் தேற்றும், பிறகு வேலிக்கும் விறகுக்கும் ஆகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சவுக்கு வளர்த்திருக்கிறார்கள் என்பது ஏரி, சதுப்பு மண்ணில் தங்கிய மகரந்தத்திலிருந்து தெரிகிறது. ஒரே தோட்டத்தில் பல ரகக் கிழங்கு இருக்கும். குழந்தைக்கு மசித்துக் கொடுக்க ஒன்று, விருந்துக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று என்று பெண்கள் பிரித்து வைத்திருப்பார்கள். கொடியின் இலையைப் பார்த்தே ரகம் சொல்வார்கள்.

சரி, இதில் பலவீனம் எங்கே? இந்தக் கிழங்கைக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. நெல் என்றால் ஓராண்டு தாங்கும். இதைத் தோண்டினால் சில நாளில் தின்றாக வேண்டும். அதனால் மண்தான் களஞ்சியம். வேண்டியபோது வேண்டிய அளவு தோண்டுவார்கள். மிஞ்சியது பன்றிக்குப் போகும். அதனால் பன்றி ஒரு வகையில் சேமிப்பு, கிழங்கை இறைச்சியாக மாற்றி நான்கு காலில் நிறுத்தி வைப்பது. திருமணம், சாவு, சண்டை தீர்ப்பது எதுவானாலும் பன்றி இல்லாமல் ஆகாது. அன்று குழி தோண்டி, கற்களை நெருப்பில் காய்ச்சி, புல்லும் கீரையும் கிழங்கும் இறைச்சியும் அடுக்கி மூடி அவிப்பார்கள். பாக்கார் பாத்து என்று இந்தோனேசிய மொழியில் பெயர், கல் சுடுதல் என்று அர்த்தம். சாதாரண நாளில் இறைச்சி அபூர்வம். காலையும் மாலையும் கிழங்கு, கொஞ்சம் கீரை, அவ்வளவுதான். வளர்ந்த ஆள் ஒருவர் நாளைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ கிழங்கு சாப்பிடுவார். புரதம் குறைவு. அதன் விலையைச் சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும்தான் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வருவோம். சிலிமோ என்பது வேலிக்குள் அமைந்த வளாகம். வாசலுக்கு நேர் எதிரே ஆண்களின் வட்ட வீடு, பக்கத்தில் பெண்களின் வீடுகள், நீளமான சமையல் கொட்டகை, பன்றிக் கொட்டில். வட்ட வீட்டுக்கு ஹொனாய் என்று பெயர். புல் கூரை, தாழ்ந்த ஒரே வாசல், சன்னல் கிடையாது. நடுவில் நெருப்பு, மேலே பரண் போல் படுக்கும் தளம். இரவில் வெளியே எலும்பு நடுங்கும் குளிர் இருக்கும்போது உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். புகை போக வழியில்லையே என்று பார்ப்பவர் கேட்பார்கள். புகை கூரை வழியாகக் கசிந்துதான் போகும், அப்படிப் போவதால்தான் புல் மக்காமல், பூச்சி அரிக்காமல் பல ஆண்டு நிற்கிறது. ஆனால் அதே புகையை இரவு முழுக்கக் கைக்குழந்தை சுவாசிக்கிறது. இந்த மலைகளில் குழந்தைகளைக் கொண்டுபோகும் நோய்களில் நிமோனியா முன்வரிசையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரசு தகரக் கூரை போட்ட பெட்டி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. இரவில் அவை குளிர்ப்பெட்டி. அதனால் பல இடங்களில் அந்த வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ஹொனாய் எழுந்தது. இதைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் ஓர் இரவு அந்தத் தகர வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வருவது எல்லாமே நல்லது, உள்ளே இருப்பதுதான் பிரச்சினை என்ற எண்ணத்தை உடைக்கும் ஒரு கதை மேற்கே பனியாய் என்ற ஏரியின் பகுதியில் நடந்தது. 1970களின் தொடக்கத்தில் எனாரொட்டாலி மருத்துவமனைக்குத் தீக்காயத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, வரிசையாக. கை கால் வெந்து போகும் அளவு காயம். விசாரித்தால், இரவில் நெருப்பைச் சுற்றிப் படுத்திருந்தவர்களுக்கு வலிப்பு வந்து நெருப்பிலேயே விழுந்திருக்கிறார்கள். வலிப்புக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுவின் கூடு. 1969 வாக்கெடுப்பை ஒட்டி அரசு அன்பளிப்பாகப் பாலியிலிருந்து அனுப்பிய பன்றிகளோடு அந்தப் புழு மலையேறி வந்தது என்பதுதான் மருத்துவர்கள் கண்ட விளக்கம். அதுவரை அந்த மலைகளில் அந்த நோய் இல்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழிப்பறை இல்லாத ஊரும் அதற்குப் போதும். ஊருக்கே உயிரான பன்றியின் வழியாக நோய் நுழைந்தது. இதை முதன்முதலில் படித்தபோது என்னால் வெகுநேரம் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

நல்லதும் வெளியிலிருந்து வந்தது, மறுக்கவில்லை. இந்த மலை மண்ணில் பல இடங்களில் அயோடின் குறைவு. முலியா பள்ளத்தாக்கில் கழுத்து வீங்கியவர்களும், பிறவியிலேயே காது கேளாமல் மூளை வளர்ச்சி குன்றியவர்களும் நிறைய இருந்ததை 1960களில் டச்சு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அயோடின் கலந்த எண்ணெய் ஊசியும், பிறகு அயோடின் உப்பும் அதை மாற்றின. உப்புக்கே பெரும் பாடு அங்கே. பலியெமில் ஜிவிகா பக்கம் மலை மேல் ஓர் உப்பு ஊற்று உண்டு. பெண்கள் வாழைத்தண்டை நசுக்கி நாராக்கி அந்த நீரில் ஊற வைத்து, சுமந்து இறங்கி, உலர்த்தி எரித்து, அந்தச் சாம்பலை உப்பாகப் பயன்படுத்தினார்கள். இப்போது கடை உப்பு பாக்கெட்டில் வருகிறது.

பாக்கெட் எப்படி வருகிறது என்பதில்தான் இந்தக் கிராமங்களின் இன்றைய நிலைமை அடங்கியிருக்கிறது. வமேனாவுக்கே பெரும்பாலான சரக்கு கடற்கரையோரச் செந்தானியிலிருந்து விமானத்தில்தான் ஏறுகிறது. சிமெண்ட், அரிசி, டீசல் எல்லாமே. வமேனாவுக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு ஒற்றை எஞ்சின் சிறு விமானம். ஓடுதளம் என்பது சரிவில் சமன் செய்த புல்வெளி. ஊர் மக்கள் மண்வெட்டியும் கையுமாக மாதக்கணக்கில் வெட்டியவை அவை, பல மிஷனரிகள் காலத்தவை. மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். பல இடங்களில் ஒருமுறை இறங்க முடிவு செய்துவிட்டால் திரும்ப வழியில்லை, எதிரே மலை. காலையில் மேகம் மூடுவதற்குள் பறந்து முடிக்க வேண்டும். ஊரில் ஒருவர் ரேடியோவில், இங்கே வானம் தெளிவு, காற்று இல்லை என்று சொன்னால்தான் விமானம் கிளம்பும்.

2016 அக்டோபரில் இந்தோனேசியாவின் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ யாஹுகிமோவின் தலைநகர் டெக்காயில் நின்று, நாடு முழுக்க எரிபொருளுக்கு ஒரே விலை என்று அறிவித்தார். ஜாவாவைப் போலவே பெட்ரோல் லிட்டர் அப்போது 6,450 ரூபியா. அதற்கு முன் இந்த மலைகளில் 50,000 ரூபியாவுக்கு மேல், சில இடங்களில் 1,00,000 வரை விற்றது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த விலை எரிபொருள் நிலையத்தில் மட்டும். அங்கிருந்து இரண்டு நாள் நடை தள்ளியிருக்கும் ஊருக்கு அது போய்ச் சேரும்போது விலை மறுபடி மலையேறிவிடும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு, பிரம்புப் பாலம் கடந்து, சுகாதார நிலையம் உள்ள ஊருக்கு நடக்க வேண்டும். அங்கே கட்டடம் இருக்கும். புஸ்கெஸ்மாஸ், அதாவது சுகாதார நிலையம், என்ற பலகை இருக்கும். செவிலியர் இருப்பாரா, மருந்து இருக்குமா என்பது அந்த மாதத்தைப் பொறுத்தது. பள்ளியும் அப்படித்தான். ஆசிரியரின் சம்பளம் நகரத்தில் வருகிறது, அதை வாங்கப் போனவர் விமானத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறார், சிலர் திரும்புவதே இல்லை. பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஒரு மொழி, பாடப்புத்தகம் இந்தோனேசிய மொழியில். படித்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் குடும்பம் பிள்ளையை வமேனாவில் உறவினர் வீட்டில் விடுகிறது. நகரத்துக்குப் போகும் வழி திறந்ததால் நோயும் வந்தது. 2013இல் எடுத்த கணக்கெடுப்பில் மேற்குப் பாதியின் வயதுவந்தோரில் 2.3 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஒரு குறிப்பிட்ட குழுவில் இல்லை, பொதுமக்களில்.

அப்புறம் துப்பாக்கி. இதைச் சொல்லாமல் இன்றைய மலை வாழ்க்கையைச் சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் என்டுகா மாவட்டத்தில் நெடுஞ்சாலைப் பாலம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களை விடுதலைப் போராளிக் குழு கொன்றது. அதன் பிறகு ராணுவம் நுழைந்தது. பல்லாயிரம் பேர் ஊரைவிட்டுக் காட்டுக்கும் வமேனாவுக்கும் ஓடினார்கள். தோட்டம் பாழானது, பள்ளிகள் மூடின. 2023 பிப்ரவரியில் அதே என்டுகாவில் இறங்கிய சிறு விமானத்தின் நியூசிலாந்து விமானி பிலிப் மெர்டென்ஸ் பிடித்துச் செல்லப்பட்டு, 2024 செப்டம்பரில்தான் விடுவிக்கப்பட்டார். 2025 மார்ச்சில் யாஹுகிமோவின் அங்குருக் பகுதியில் ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் தாக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் நிற்பது விமானம், அடுத்து போவது ஆசிரியரும் செவிலியரும். யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் கருத்து உண்டு. 1969இல் கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூடிக் கிடக்கும் ஓடுதளத்தில் நிற்கும் தாய்க்கு எந்தப் பக்கமும் பதில் சொல்வதில்லை.

இப்போது கிழங்குக்கே திரும்புகிறேன், ஏனென்றால் பசி எப்படி வருகிறது என்பது அங்கேதான் தெரியும். எல் நினோ ஆண்டுகளில் மழை பொய்க்கும், வானம் தெளிந்து நிற்கும். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் மேகமில்லாத இரவில் உறைபனி இறங்கும். காலையில் பார்த்தால் கொடி முழுக்கக் கருகியிருக்கும். 1997இல் இப்படி நடந்தபோது தீவின் இரு பக்கமும் பெரும் பஞ்சம். 2015இலும் வந்தது. 2023 நடுவில் புஞ்சாக் மாவட்டத்தின் அகண்டுகுமே, லம்பெவி பகுதிகளில் பனி விழுந்து தோட்டம் போனது, பட்டினியிலும் நோயிலும் ஆட்கள் இறந்தார்கள். அங்கே நேரடியாக விமானம் இறங்கப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி, நிவாரணத்தைச் சினாக் என்ற ஊர் வரை கொண்டுவந்தார்கள். பசித்தவர்கள் அங்கே நடந்து வந்து தூக்கிப்போக வேண்டியிருந்தது.

உறைபனி கிழங்கை மட்டும் கெடுப்பதில்லை. சர்க்கரைவள்ளிக்கு விதை கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம், கொடித் துண்டை நட்டுத்தான் வளர்ப்பார்கள். கொடி கருகினால் அடுத்த நடவும் போயிற்று. முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது, இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கீழ்ப் பள்ளத்தாக்கில் பெண் கொடுத்த, பெண் எடுத்த உறவுகள் இருப்பார்கள். பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு குடும்பமே இறங்கிப் போய் அவர்களிடம் மாதக்கணக்கில் தங்கும். அவர்கள் இடம் கொடுத்தாக வேண்டும், நாளை அவர்களுக்கும் தேவை வரும். அந்த உறவைக் கட்டிக் காப்பதற்குத்தான் அத்தனை விருந்தும், அத்தனை பன்றிப் பங்கீடும். வெளியிலிருந்து பார்ப்பவர் அதை வீண்செலவு என்பார். சண்டையால் பாதை மூடிப்போன ஊர்களில் இப்போது அந்த இறக்கமும் முடிவதில்லை.

நிவாரணமாக வரும் அரிசியும் நூடுல்ஸும் அந்த வாரத்துக்கு உயிர் தரும், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூட்டை தீர்ந்த பிறகும் தோட்டம் வெறுமையாகவே கிடக்கும். மழை திரும்பியதும் பெண்கள் கீழே போய், உறவினர் தோட்டத்தில் கொடி வெட்டி, ஈரம் காயாமல் இலையில் சுற்றி, நோக்கெனில் வைத்துச் சுமந்து மேலே ஏறுகிறார்கள். அந்த உயரத்தில், அந்தக் குளிரில், நட்ட கொடியில் கிழங்கு இறங்க எட்டு மாதமாவது ஆகும்.